எங்கே என்று கேட்டால்

அன்பு மகன் ராய்ஸுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் அங்கே டென்னசியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அம்மா ஏன் போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன், நீ சரிம்மா விடும்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். போனில் தட்டி எழுதுவதையோ நான் விட்டு ஒரு வருஷமாகப் போகிறது. அதற்கும் காரணம் உண்டு.

உன் அக்கா மார்லிஸை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆக்கிவிட்டார்கள், அதிலிருந்து எங்களையும் நோயாளிகளைப் போலவே அதட்டுகிறாள். நாய்க்குப் பின்னங்கால் இழுக்கிறது, ஆனாலும் தபால்காரரைக் கண்டால் மட்டும் நாலு காலும் சரியாகிவிடுகிறது. மலையில் பாதி வரைக்கும் பனி இறங்கிவிட்டது. சோக்செர்ரிப் பழ ஜெல்லி இந்த வருஷம் சரியாக உறையவில்லை, அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தால் எப்படி உறையும். இந்தக் கடிதத்தையே காலையிலிருந்து மூன்று தடவை எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் போய் ஏற்கெனவே மடித்த துணிகளை உதறி மறுபடி மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

அப்பா அதற்கு மேல். வேட்டைக்காலம் தொடங்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. எல்லா வருஷமும் இந்நேரம் பள்ளத்தில் அட்டையை நட்டு வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருப்பார், காது வலிக்கிறது என்று நான் கத்திக்கொண்டிருப்பேன். இப்போது செய்வதெல்லாம் ஜன்னலில் நின்று ரோட்டில் போகிற வெளியூர் வண்டிகளை எண்ணுவதுதான். நம்பர் பலகையைப் பார்த்துப் பார்த்து மின்னசோட்டா, ஒஹாயோ, இன்னொரு மின்னசோட்டா என்று முணுமுணுக்கிறார். "உக்காருங்க, போறவங்க இதை செக்போஸ்ட்டுன்னு நெனச்சு வண்டிய நிறுத்திடப் போறாங்க" என்றேன். "உக்காந்துதான் இருக்கேன் வெர்னா" என்று நின்றுகொண்டே சொல்கிறார். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "இந்த வருஷம் நான் மேல போகல" என்றார். நாற்பத்து மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் தவறாமல் போன மனிதர். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறாம் வாரம் கட்டோடு போனவர். அதே செவ்வாய்க்கிழமை மார்லிஸ் போன் பண்ணி, நன்றி நாள் விருந்துக்கு இந்த வருஷம் வரப்போவதில்லை என்று நீ சொன்னதாகச் சொன்னாள். அப்பாவுக்கு அதுதான் நிம்மதி என்றாயாம். ஒருவர் போகவில்லை, ஒருவர் வரவில்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்கு, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் ஒரு இடம் வரை போவதற்கு அதன் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். இரண்டு வருஷத்துக்கு முன் நீ வந்து, நாம் சமையல்கட்டு என்று சொல்லும் புல்வெளியில் அந்தப் பெரிய எல்க் மானை அடித்தாய், வீடியோவும் எடுத்தாய். அதற்குச் சமையல்கட்டு என்று பெயர் வைத்ததே நான்தான், மளிகைக் கடையில் நின்றுகொண்டு நாளைக்குச் சமையல்கட்டில் வேலை இருக்கிறது என்று சத்தமாகப் பேசலாம், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. எங்கே அடிச்சீங்க என்று யார் கேட்டாலும், கழுத்துல என்று சொல்லிவிட்டுச் சிரிக்க வேண்டும், மேற்கொண்டு கேட்பவன் இந்த ஊர்க்காரன் இல்லை. நீ ஐந்து வயதில் பாதிரியார் கேட்டதற்கே கழுத்துல என்று சொன்னவன். என் சொந்தத் தங்கைக்கே நான் ஹக்கிள்பெரி பறிக்கிற சரிவைச் சொன்னதில்லை, அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அந்த வீடியோவில் நீயும் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாய். மலையின் உச்சி தெரிகிற இடமெல்லாம் மங்கலாக்கினாய், ரோட்டைக் காட்டவில்லை, ஓடைச் சத்தத்தைக்கூட எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டாய். போன வருஷம் கோடையில் அதைப் போடுவதற்கு முன்னால் அப்பாவுக்கு அனுப்பிக் காட்டினாய், அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு "ம், பரவால்ல" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை, கல்யாணத்தன்று என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்.

போன வருஷம் வேட்டைக்காலத்தின் முதல் நாள் காலையில் நடந்ததை அப்பா உனக்குப் போனில் கத்தின அளவுக்குத்தான் நீ அறிவாய். கத்தாததை டுவேன் என்னிடம் சொன்னார், நம் வண்டிக்குப் பக்கத்தில் எப்போதும் தன் வண்டியை நிறுத்துகிற அதே டுவேன்தான். இரண்டு வண்டி நிற்கிற இடத்தில் இருபத்தொன்பது வண்டி. விடிந்ததும் புல்வெளியைச் சுற்றி நாலா பக்கமும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள். மந்தை வெளியே வந்ததும் ஒருத்தன் சுட, அது மிரண்டு ஓட, ஓடுகிற மந்தையை எல்லாருமாகச் சுட்டிருக்கிறார்கள். அப்பாவின் தலைக்கு மேல் ஒரு மரக்கிளை ஒடிந்து தோளில் விழுந்ததாம். கிளை தானாகவா ஒடியும்? அதை இன்றுவரை அவர் என்னிடம் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது, அதாவது இதைப் படிக்கிற வரைக்கும் தெரியாது. தாடையில் அடிபட்ட ஒரு பெண் எல்க்கை யாரும் தேடிப் போகவில்லை, அவனவன் அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டான். அப்பா அதன் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் மூன்று மணி வரை நடந்து, கண்டுபிடித்து, அதன் வேதனையை முடித்து, வருஷத்துக்கு ஒரு மிருகம் என்று தருகிற தன் வேட்டைச் சீட்டை அதில் கட்டினார். யாரோ சுட்ட மிருகத்துக்கு இவர் சீட்டு. அப்படிச் செய் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அந்த இறைச்சியைத்தான் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டோம், ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டுத்தான் "அப்பன் நடந்த தடத்தை ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டிட்ட. உச்சிய மறைச்சிட்டா போதும்னு நெனச்சியா? இனி அந்த மலையில எனக்கு வேலையில்ல, உனக்கும் இந்த வீட்டுல வேலையில்ல" என்றார். நான் தட்டுத் துடைக்கிற துணியோடு பக்கத்திலேயே நின்றேன். போனில் உன் குரல் எனக்குக் கேட்டது. சரிப்பா என்றாய். மறுநாளே வீடியோவையும் எடுத்துவிட்டாய்.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புக் கொட்டகையில் வேட்டைக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு போட்டோம், வழக்கம்போல் அப்பம் சுடுகிற கல் என் பொறுப்பு. ஒஹாயோவிலிருந்து ஒரு பையன், இருபத்தைந்து இருபத்தாறு வயது, தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். மலையையே இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறானாம், மூன்று வருஷம் லீவு சேர்த்து வைத்து வந்திருக்கிறான், மூக்கெல்லாம் வெடித்துப்போய் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பிடித்துவிட்டது அவனை, ஒன்று கூடவே வைத்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து வந்து எப்படிப்பா இடம் கண்டுபிடிச்சே என்று சும்மா கேட்டேன். "ஒரு வீடியோங்க. அவர் எல்லாத்தையும் மறைச்சிட்டாரு, ஆனா கீழ அவரோட அம்மாவே வழி எழுதிட்டாங்க. ரெண்டு நாள்ல அழிச்சிட்டாங்க, அதுக்குள்ள யாரோ போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. பாவம், ரொம்ப நல்ல அம்மா போல" என்றான். கல்லில் இருந்த நாலும் கருகிவிட்டன. ஏன் வெர்னா புகையுது என்று அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கேட்டார்.

ஆமாம் ராய்ஸ், நான்தான். யாரோ ஒரு பெண்பிள்ளை உன் வீடியோவுக்குக் கீழே, அந்தக் குளிரில் பிள்ளையை அனுப்பிவிட்டு அவன் அம்மா எப்படி இருந்தாளோ, நல்ல வளர்ப்பு என்று எழுதியிருந்தாள். எங்கே என்று கேட்டிருந்தால் கழுத்தில் என்று எழுதியிருப்பேன். அவள் எங்கே என்று கேட்கவில்லை, வளர்ப்பு என்றுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நன்றி அம்மா, குளிர்கூடப் பரவாயில்லை, பழைய ஆட்டுக்கொட்டடி தாண்டினதும் வருகிற களிமண் ரோடுதான் எனக்குப் பயம், ஆனால் அவன் அப்பா நாற்பது வருஷமாக இரண்டாவது கேட்டில் வண்டியை விட்டுவிட்டு ஓடைக்கு இடது பக்கமாகவே ஏறுகிறார், கண்ணை மூடிக்கொண்டு போவார் என்று எழுதினேன். ஓடையின் பெயரையாவது விட்டேனா, அதையும் எழுதினேன், எழுத்துப் பிழை இல்லாமல்.

வீட்டுக்கு ஓடி வந்து போனை எடுத்துத் தேடினேன், நீதான் வீடியோவையே எடுத்துவிட்டாயே, என்ன இருக்கும். மார்லிஸிடம் எனக்காகக் கேட்பதுபோல் காட்டிக்கொள்ளாமல், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிக்க முடியுமா என்று கேட்டேன். எழுதினவங்க அழிக்கலாம், இல்லேன்னா வீடியோ போட்டவங்க அழிக்கலாம் என்றாள். நான் அழிக்கவில்லை.

அப்படியென்றால் உனக்குத் தெரியும். அப்பா கத்துவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே தெரியும். அவர் அவ்வளவு பேசினபோது, அம்மாதான்பா என்று ஒரு வார்த்தை உன் வாயில் இருந்தது, நீ சரிப்பா என்றாய். அன்றிலிருந்து இன்றுவரை அதை நினைக்காமல் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. உனக்காவது எனக்குத் தெரியும் என்பது தெரியாது, அம்மாவைப் பாதுகாக்கிறோம் என்று நினைத்திருந்தாய். நான் எல்லாம் தெரிந்தே பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தினம் சொல்லலாம் என்று நினைப்பேன், அவர் முகத்தைப் பார்ப்பேன், சர்க்கரை போடட்டுமா என்று கேட்பேன். அவர் கோபத்துக்கு நான் பயப்படவில்லை. என்மேல் அவருக்குக் கோபம் வராமல் போய், அப்படியே உடைந்து உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் பயம். அந்தப் பயத்துக்கு உன்னை விலையாகக் கொடுத்துவிட்டேன். நீ என் பிள்ளை, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இதற்காக உன்னை முழுக்க நல்லவன் என்று சொல்லிவிட மாட்டேன். இரண்டு லட்சம் பேருக்கு முன்னால் வைத்தால் ஒருத்தி வாயாவது நழுவும், அது உன் அம்மா வாயாக இருந்தது. அரசாங்கக் காடு ஒஹாயோ பையனுக்கும் சொந்தம்தான், அப்பா அதை விலைக்கு வாங்கி வேலி போடவில்லை, இதை நான் அவரிடமும் சொல்வேன். ஆனால் அந்தப் பையன் தனியாக வழி தேடி அலைந்து, தொலைந்து, இரண்டு வருஷம் வெறும் கையோடு போயிருந்தால் அந்த எல்க்கை அடிபட்ட தாடையோடு விட்டுவிட்டுப் போகிற கூட்டத்தில் நின்றிருக்க மாட்டான் என்று தோன்றுகிறது. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ யோசி. இனி படம் எடுத்தால் சமையல் செய்வதை எடு, உன் பிஸ்கட்டைப் பார்த்து யாரும் மலை ஏற மாட்டார்கள்.

வண்டிக்குக் குளிர்கால டயர் மாட்டு, அங்கே பனி இல்லை என்று சொல்லாதே, இங்கே வரும் வழியில் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் விற்கிற சாண்ட்விச்சைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருந்து உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், உன் அப்பாவின் முரட்டுத்தனம் இல்லாமல் அவர் மனசு மட்டும் உனக்கு இருக்கட்டும், அது ஏற்கெனவே இருக்கிறது.

ஒன்றே ஒன்று. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அப்பா கையில் கொடுக்கப் போகிறேன். படியுங்கள், படித்த பிறகு நீங்களே ஒட்டித் தபாலில் போடுங்கள், மனசு வரவில்லையென்றால் அடுப்பில் போடுங்கள், நான் மறுபடி எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லப் போகிறேன். உறையின் மேல் நான் ஒன்றும் எழுதவில்லை. விலாசப் புத்தகத்தில் உன் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்திருக்கிறேன். நீ அவசரத்தில் கிழித்து எறிந்திருப்பாய். போய் அந்த உறையை எடுத்து, உன் பெயரை எழுதியிருக்கும் கை யாருடையது என்று பார்.

என்றும் உன் அம்மா,
வெர்னா டாலஃப்சன்