என் துக்கத்துக்குப் பாராட்டு

பிப்ரவரி 12, புதன்
மாவு புளித்துவிட்டது. தம்பி பிரேம்குமார் எடுத்த முதல் படம் ‘சங்கிலிப்பாண்டி எந்திரி’ வெள்ளிக்கிழமை வெளியாகிறது. சாவு வீட்டுக் காமெடி. பிணமாக என் வீட்டுக்காரர். தலையோடு தலை சேர்த்து ஒப்பாரி வைக்கும் பெண்களில் ஒருத்தியாக நான்.

பிப்ரவரி 14, வெள்ளி
ராஜபாளையத்தில் முதல் காட்சி. சொந்தக்காரர்கள் மட்டும் சிரித்தோம். செட்டியார்பட்டி மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

பிப்ரவரி 15, சனி
விமர்சனங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே வரி: “சிரிக்க ஓர் இடம்கூட இல்லை.” எல்லோரும் கூடிப் பேசி எழுதினார்களா? ஒரு பத்திரிகை மட்டும்: “படத்தின் ஒரே உண்மை, முகம் புதைத்துக் குலுங்கும் அந்தப் பெண்ணின் துயரம்.”

துயரமா? ஷூட்டிங் அன்று, மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்த பிணம் நிஜமாகவே குறட்டை விட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குனிந்திருந்ததால் தப்பித்தேன். குறட்டையைத் தம்பி அப்படியே படத்தில் வைத்துவிட்டான்.

அதே பத்திரிகையில், “பிணத்தின் குறட்டை செயற்கை.” இவர் சாப்பிடவில்லை. “இருவது வருசமா விடுதேன். செயற்கையாம்லா.”

பிப்ரவரி 16, ஞாயிறு
வியாழனோடு படத்தைத் தூக்கப் போகிறார்களாம். ஐந்து வருட உழைப்பு. தம்பி போனை எடுக்கவில்லை. நானோ என் பாராட்டை ஒன்பது பேருக்கு அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்
ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர் வாசலில் ஒரு யூடியூப்காரர் மைக்கை நீட்டினார். அந்த அழுகைக்கு எப்படித் தயாரானேன் என்று கேட்டார்.

“அழல தம்பி, சிரிச்சேன். எங்க வீட்டுக்காரவுக தூங்கிட்டாவ.”

சொல்லிவிட்டேன். என் பெயர் போச்சு.

பிப்ரவரி 20, வியாழன்
படத்தைத் தூக்கவில்லை! அந்த யூடியூப் பேட்டி ஊரெல்லாம் பரவிவிட்டது. நான் சிரிப்பதைப் பார்க்க வன்னியம்பட்டியிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். என் தோள் குலுங்கியதும் தியேட்டரே குலுங்குகிறது. அந்தப் பத்திரிகை இன்று மறுபடி எழுதியிருக்கிறது: “நுட்பமான நகைச்சுவை.” குறட்டை பற்றி ஒரு வரி இல்லை. இவர் இரண்டு தடவை தேடிப் பார்த்தார்.

தம்பி பேசினான். “மொதல்லயே சொல்லிருக்கலாம்லா, யக்கா.” அழுதான். நிஜ அழுகை.

மார்ச் 9, ஞாயிறு
செட்டியார்பட்டி மாமா தவறிவிட்டார். நான் வாசலில் நுழைந்ததும் ஒப்பாரி நின்றது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எனக்கோ அழுகை முட்டியது. யார் நம்புவார்கள்?

மாமாவின் மனைவி வெள்ளத்தாய் அத்தை என் தலையைத் தன் தலையோடு சேர்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. காதருகே சொன்னாள்:

“ஒம் மாமா ஒம் படத்த மூணு தடவ பாத்தாவ, ஏட்டி. செத்த நேரம் அழாம இரி. கொறட்டை வருதான்னு பாப்போம்.”

இருவரும் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தோம்.