தவிட்டுக் கடைப் பூனையின் ஆஸ்பத்திரி வாசம்

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ தை மாதத்தில் போனாய். இப்போது ஆடி பிறந்துவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்ததற்குத் துக்கம்தான் காரணம் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும். உண்மையில் எனக்குக் கோபம். மாட்டுக்கு எள்ளுப் புண்ணாக்கு உசத்தியா, கடலைப் புண்ணாக்கு உசத்தியா என்று பேசிக்கொண்டிருந்தோம். "இரு மச்சான், காலீல வந்து உன்ன வச்சிக்கறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன் வரவேயில்லை. பாதி வழக்கில் எழுந்து போவது எந்த ஊர் நியாயம்?

உத்திரமேரூர் பஜாரில் தவிடும் புண்ணாக்கும் விற்கிற நம் கடைக்கு இரண்டு முதலாளிகள், ஒரே மேஜை, நாள் முழுக்கச் சண்டை. தங்கையைக் கட்டிக்கொடுத்த நீயும், கட்டிக்கொண்ட நானும் போடுகிற சத்தத்தில் புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் கண்டுகொள்ளாமல் தாங்களே மூட்டையை எடை போட்டுக்கொள்வார்கள். நீ போன பிறகு விலை சொல்ல மட்டும்தான் நான் வாயைத் திறந்தேன். "பெரியவர் அடங்கிட்டாரு" என்றார்கள். நான் எங்கே அடங்கினேன்? எதிராளி இல்லாமல் யாரிடம் பேசுவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பூனை பேஜாருக்கு உடம்பு சரியில்லாமல் போய், பிழைத்து வந்த செய்தி இது. பிழைத்துவிட்டது என்பதை முதலிலேயே எழுதிவிட்டேன், பதறாதே.

ஆனி மாதம் அது தட்டைத் தொடாமல் திரும்ப ஆரம்பித்தது. மீனை முகர்ந்து பார்க்கும், நாக்கை ஒரு சுற்று சுழற்றும், போய்த் தவிட்டு மூட்டைமேல் படுத்துக்கொள்ளும். வாயோரம் எச்சில் வடிந்தது. உன்னை நினைத்து ஏங்குகிறது என்றேன் உன் தங்கச்சியிடம்.

"ஏக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அலமேலு. "கிட்ட போய் மோந்து பாருய்யா. வாய் நாறுது. பல்லு கெட்டுக்கீது. எங்க அண்ணன் மேல பழியப் போட்டுக்கினு ஒக்காராத, தூக்கிக்கினு போய் காட்டு."

நம் வாடிக்கைக்காரர்களின் மாடு கன்றுகளைப் பார்க்கிற டாக்டரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். பூனையின் வாய்க்குள் வேலை செய்கிற சாமான் தன்னிடம் இல்லை என்றும், ஏனாத்தூர் போகிற வழியில் ஒரு டாக்டரம்மா பூனைக்கு மட்டும் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பூனைக்கு மட்டும் என்றால் என்ன அர்த்தம்? மாட்டுக்கும் ஆட்டுக்கும் இல்லாத மரியாதையா? போய் அந்த அம்மாவிடம் கேட்டே தீருவது என்று கிளம்பினேன். கோழி கவிழ்க்கிற கூடையில் பேஜாரை வைத்து, மேலே அலமேலுவின் பழைய புடவையைக் கட்டி, லோடு ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன்.

நீ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், மச்சான். வாசலிலேயே "நாய்களை அழைத்து வர வேண்டாம்" என்று பலகை. உள்ளே "மெதுவாகப் பேசவும்" என்று இன்னொரு பலகை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பொட்டலம் மடிக்கிற பேப்பரைப் படித்தே தமிழ் கற்றவன் நான். பலகை இருந்தால் வாய்விட்டுத்தான் படிப்பேன். படித்தேன். அங்கிருந்த எல்லாரும் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்கள்.

பூனைக் கூடைகளைத் தரையில் வைக்க விடுவதில்லை. இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, ஒன்றை ஒன்று பார்க்காதபடி ஒவ்வொன்றின்மேலும் துண்டு போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறார்கள். போன் ஒலிக்கக் கூடாது. ஏனாத்தூர் காலேஜில் படிக்கிற பெண்ணொருத்தி, பஞ்சுமூட்டை மாதிரி வெள்ளைப் பூனையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நாய் குரைக்கற எடத்துல இது டாக்டர கடிச்சி வெச்சிடும் தாத்தா. இங்க கையே குடுக்குது" என்று காதோடு சொன்னாள். நான் கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உள்ளிருந்து ஒரு நர்ஸ் பெண் வந்து, "பேஜார்... பேஜார் கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டாள். அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நீ வைத்த பெயர். எழுந்து நின்றவன் நான்.

டாக்டரம்மாவுக்கு நம் பெரிய பையன் வயதுதான் இருக்கும். கூடையைப் பார்த்துத் திட்டுவார் என்று நினைத்தேன். "மேல தெறக்கற கூடை நல்லதுதான் தாத்தா, புடிச்சி இழுக்க வேணாம்" என்றார். பூனையின் முகத்தையே பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, சாவகாசமாகக் கையை நீட்டி, அது முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல் அழுகி, ஈறு சீழ் வைத்திருந்தது. அலமேலு சொன்னதுதான் சரி. அவளிடம் நான் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ரத்தம் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து, பல்லைப் பிடுங்கினார்கள். அது நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் வினை. பேஜார் சாப்பிடவில்லை. மனிதன் மாதிரி பூனை பட்டினி கிடக்க முடியாதாம், நாலு நாள் வயிறு காய்ந்தால் ஈரல் கெட்டுவிடுமாம். "நாளைக்குள்ள தானா சாப்பிடலன்னா கழுத்துல குழாய் வெச்சுத்தான் குடுக்கணும். அதுக்குத் திரும்ப மயக்க மருந்து தரணும். வயசான உடம்பு, தாங்குமான்னு எனக்கே உறுதியாத் தெரியல தாத்தா" என்றார் டாக்டரம்மா. பொய்யாகத் தைரியம் சொல்லாத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. ஆனால் அன்றைக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பலகையில் எழுதியதற்குக் கட்டுப்பட்டேன். பல் பிடுங்கியதிலிருந்து பேஜாரை அங்கேயே தங்கவைத்திருந்தார்கள்; தினமும் போய் அதன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். அலமேலு முள் எடுத்துப் பிசைந்து அனுப்பிய ஜிலேபி மீனை விரலில் எடுத்து நீட்டினேன். அது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. நீ இருந்திருந்தால் "இன்னாத்துக்கு மச்சான் எழவு வூடு மாதிரி கம்முனு கீற?" என்று கேட்டிருப்பாய். எனக்கு அந்தப் புத்தி வரவில்லையே.

கெடு வைத்த நாள் காலை. பேஜாரை உள் அறையில் பார்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். திருப்புட்குழியிலிருந்து கன்னியம்மா என்றொரு பெண்பிள்ளை, காது கிழிந்த கடுவன் பூனையோடு வந்திருந்தாள். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறவள். காலேஜ் பெண்ணிடம் மெல்லிய குரலில் மாட்டுக் கஷ்டம் சொல்லிக்கொண்டிருந்தவள், போகிற போக்கில் ஒன்று சொன்னாள்.

"பாலு எங்கேர்ந்து கறக்கும்? தவுடுன்னு உமியக் கலந்து குடுக்கறானுங்க. தவுட்டுக் கடைக்காரன் அத்தினி பேரும் திருடனுங்க."

அடக்கினேன். சத்தியமாக அடக்கிப் பார்த்தேன், மச்சான்.

"யாரும்மா அது அத்தினி பேரும்?" என்றேன். நான் போட்ட சத்தத்தில் "மெதுவாகப் பேசவும்" பலகையே ஆடியிருக்கும்.

"நீ இன்னாத்துக்குப் பெரியவரே துள்ற? நீ இன்னா தவுட்டுக் கடையா?"

"ஆமா! உத்திரமேரூர் பஜார்ல வந்து கேட்டுப் பாரு. எங்கடைத் தவுட்ட தண்ணில போடு, ஒரு உமி மெதக்கட்டும், நான் மீசைய எடுத்துக்கறேன்!"

"உனுக்கு மீசையே இல்லியே, எத்த எடுப்ப?"

"வெச்சிட்டு எடுக்கறேன்!"

டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பத்தான் வந்திருப்பார். அதற்குள் உள்ளிருந்து நர்ஸ் பெண் கத்தினாள். மெதுவாகப் பேசச் சொல்கிற அதே பெண். "டாக்டர்! பேஜாரு எழுந்து ஒக்காந்துக்கீது! தட்ட நக்குது!"

நான் வாயை மூடினேன். உள்ளே பேஜார் தட்டை நக்குவதும் நின்றது. டாக்டரம்மா உள்ளே எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாத்தா, வீட்ல இது எங்க படுக்கும்?"

"கடையிலம்மா. எனக்கும் எம் மச்சானுக்கும் நடுவுல."

"நீங்க ரெண்டு பேரும்?"

"சண்டை போட்டுக்கினு இருப்போம்."

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அன்று உள் அறையில் பேஜாரைத் தவிர வேறு பூனை இல்லை. முன்கதவைச் சாத்தி, எங்களைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ஜன்னலைத் திறந்துவிட்டார். "ரெண்டு பேரும் இங்க நின்னு சண்டை போடுங்க" என்றார்.

"போடுன்னா எப்டிம்மா வரும்? கோவம் வர வேணாமா?" என்றேன்.

"அவரு மூஞ்சப் பாத்தாலே எனக்கு வருது, நீ கவலப்படாத டாக்டரு" என்றாள் கன்னியம்மா.

ஆனாலும் உமி வழக்கு சீக்கிரம் தீர்ந்துபோனது. என் கடையில் வந்து பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டாள். காலேஜ் பெண் ஓடிவந்து, "பூனைக்குப் பால் குடுக்கலாமா, கூடாதான்னு பேசுங்க" என்று எடுத்துக்கொடுத்தாள். இருவருமே கொடுக்கலாம் என்றோம். சண்டை அங்கேயே படுத்துவிட்டது. பேஜாரும் தலையைக் கீழே போட்டது. டாக்டரம்மா பால் கூடாது என்று எங்கள் இருவரையும் கண்டித்ததுதான் மிச்சம்.

அப்போது கன்னியம்மா யோசித்துச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு பெரியவரே. மாட்டுக்கு எள்ளுப் புண்ணாக்குதான் சரி. கடலைப் புண்ணாக்கு சூடு."

உன் கட்சி, மச்சான்! உன் வார்த்தை, கொஞ்சமும் மாறாமல்! எனக்குள் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் ஏரி மதகு திறந்த மாதிரி வந்தது. அவளும் விடவில்லை. எத்தனை நேரம் கத்தினோமோ, நர்ஸ் பெண் காலித் தட்டை ஜன்னல் வழியாக ஆட்டிக் காட்டினாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், தூசி.

குழாய் தேவைப்படவில்லை. அடுத்த இரண்டு நாள் என்னை வரச்சொல்லி, கன்னியம்மாவையும் வரச்சொல்லி, வராந்தாவில் நிறுத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தோடு சேர்த்து, "பழகின சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கட்டும் தாத்தா" என்றார் டாக்டரம்மா. வேறு எந்த ஆஸ்பத்திரியில் எனக்கு இப்படி ஒரு மரியாதை நடக்கும்?

ஆனால் கடைக்கு வந்தால் மறுபடி அதே கதை. பேஜார் தட்டு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. நான் வாயைத் திறக்கிறேன். வாடிக்கைக்காரர்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து, எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்கிறார்கள். அலமேலுவைக் கூப்பிட்டேன். "உன்னாண்ட எதிர்ப்பேச்சு பேசிக்கினு இருந்தா சோறு யாரு வடிப்பாங்க?" என்று போய்விட்டாள்.

வேறு வழியில்லை. உன் பக்கத்தையும் நானே பேசினேன். உன்னைப் போல மேஜையைத் தட்டி, "இன்னா மச்சான், வெவரம் தெரியாம பேசிக்கினு கீற?" என்றேன். பேஜாரின் காது எழுந்தது. உடனே என் பதிலைச் சொன்னேன். அது மீனில் வாய் வைத்தது. அப்படியே இருவருக்காகவும் மாறி மாறிப் பேசினேன். மூட்டை வாங்க வந்த ஒருவர் பயந்துபோய் அலமேலுவிடம், "பெரியவருக்கு இன்னாவோ ஆயிப்போச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார். "இப்பதான் சரியாகிக்கீறாரு, போய் எடை போட்டுக்கோங்க" என்றாளாம் அவள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் வாயால் பேசும்போது, உன் பேச்சில் இருந்த சில நியாயங்கள் எனக்குக் கேட்கின்றன. நீ எதிரே உட்கார்ந்து பேசியபோது அவை ஏன் கேட்கவில்லை? உன் குரல் அவ்வளவு மோசமா, என் காதா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எதிரில் ஆள் இல்லை என்பதற்காக உன்னை லேசாகத் தோற்கடிக்க மாட்டேன். உனக்குத் தோன்றியிருக்கக்கூடிய நல்ல பதிலைத் தேடிப் பிடித்துத்தான் உன் பெயரில் சொல்வேன். பேஜார் தட்டைக் காலி செய்கிறவரை, இரண்டு வேளையும், ஒரு நாள்கூட விடமாட்டேன். இதுவரை போட்ட சண்டையில் ஒன்றில் மட்டும் நீ ஜெயித்துவிட்டாய். எது என்று எழுத மாட்டேன். அங்கே நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்லிச் சிரிப்பாய்.

இன்னும் விட்டுக்கொடுக்காத
உன் தங்கச்சி புருஷன், உன் மச்சான்,
வரதராஜன்