ஜேசுதாசன் எறங்குன போட்டு

பிப்ரவரி 4, 2025, செவ்வா

ராஜதுரை போன் போட்டான். தூத்துக்குடியில கப்பலுக்கு ஆளு அனுப்புத ஏஜெண்டு. என்னைவிட எளையவன், ஆனா அண்ணாச்சின்னுதான் கூப்பிடணும். வேலை தாரவன் எல்லாம் அண்ணாச்சி.

கல்ஃப்ல ஒரு போட்டாம். கடலுக்குள்ள எண்ணெய்க் கெணத்துல வேலை பாக்குதவங்கள ஏத்தி எறக்கணும். கேப்டனுக்கு மாசம் தொள்ளாயிரம் டாலர்.

"எண்ணெ வெல எறங்குனா எங்க சம்பளமும் எறங்குது. அது ஏறுனா இது ஏன் அண்ணாச்சி ஏற மாட்டேங்கு?"ன்னேன்.

"அதெல்லாம் நமக்கெதுக்கு வேய். வாரீரா, இல்லியா?"

யோசிச்சுச் சொல்லுதேன்னு வச்சுட்டேன்.

பிப்ரவரி 5

அறுப்பு மிஷின் வந்துச்சு. வயல் வரப்ப ஒடச்சுட்டான். மிஷின்காரன்கூட சண்ட.

"கரையில இருந்தா சண்டதான் போடுதீய. எதுலயாவது ஏறிப் போங்க"ன்னா இசக்கித்தாய். கட்டுனவ சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு. பதினோரு மாசமா வீட்டுல கெடக்கேன்.

பம்பாய்ல வாய்ப் பரீட்சை வச்ச ஆபீசர், கொற்கையில வயக்காட்டுக்காரன் கேப்டனாவான்னு சிரிச்சாரு. எங்க ஊருக்கு ஒரு காலத்துல முத்து ஏத்த கப்பல் வந்துச்சாம் சார்னேன். இப்ப கடல் எங்கன்னாரு. அது தள்ளிப் போயிட்டு சார், நான் பின்னாலயே தேடி வந்துட்டேன்னேன். அந்தச் சிரிப்புலதான் பாஸ் போட்டாருன்னு நெனைக்கேன். அதுவும் நாலாவது தடவ.

எங்கயோ போயிட்டேன். சொல்ல வந்தது என்னன்னா, அந்த டிக்கெட்டு ஜூனோட முடியுது. கேப்டன் லைசென்ஸத்தான் நாங்க டிக்கெட்டும்போம். புதுப்பிக்கணும்னா அதுக்குள்ள இன்னும் மூணு மாசம் கடல்ல ஓடியிருக்கணும். மார்ச்சுக்குள்ள ஏறலன்னா மறுபடி பரீட்சை. அஞ்சாங்கிளாஸ் படிச்சவன், அம்பது வயசுல — முடியுமா என்னால?

பிப்ரவரி 9, ஞாயிறு

போட்டு பேரச் சொல்லிட்டான் ராஜதுரை. ஜேசுதாசன் எறங்குன போட்டு. அவன் அதுல கேப்டனா இருந்தான். ஆலந்தலைக்காரன், ரெண்டு பேரும் பத்து வருசம் ஒண்ணா ஓடியிருக்கோம். ஆயிரத்து ஐநூற ஆயிரமாக் கொறச்சானுவன்னு கிறிஸ்துமஸுக்கு வேலைய விட்டு எறங்கி வந்துட்டான்.

எங்க ஆளுவகிட்ட ஒரு வழக்கம் உண்டு. சம்பளத் தகராறுல ஒருத்தன் எறங்குன போட்டுன்னா, அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் அடுத்தவன் ஏறணும். பூசை முடிஞ்சு வந்துருப்பான்னு மதியம் போன் போட்டேன்.

"அந்த போட்டா? தாராளமாப் போலே மாடக்கண்ணு. எவ்வளவு தாரான்?"

ஆயிரம் வேண்டாம்னு எறங்குனவன். அவன்ட்ட எப்படித் தொள்ளாயிரம்னு சொல்ல?

"ஆயிரத்து நானூறு"ன்னுட்டேன்.

அவன் மெதுவா, "ஏத்திட்டானுவளா... நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்"னான்.

ஏன் சொன்னேன்? எந்த வாய் இது?

பிப்ரவரி 10

சோறு எறங்கல.

பிப்ரவரி 17

தூத்துக்குடியில இருந்து எபனேசர் கூப்பிட்டான். அவனும் கேப்டன்தான், அவனும் கரையிலதான். "ஏலே, கேப்டன்மாரு எல்லாரும் பேசிட்டோம். ஆயிரத்து நானூறுக்குக் கொறஞ்சு இனி எவனும் ஏறக்கூடாது. ஜேசுதாசன்ட்ட நீ சொன்னதாலதாம்லே வெவரம் தெரிஞ்சுது"ன்னு சந்தோசமாச் சொல்லுதான்.

இல்லடா, அது பொய்யின்னு சொல்ல வாயத் தொறந்தேன். சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.

மார்ச் 3

ராஜதுரை குதிக்கான். எவனுக்குப் போன் போட்டாலும் ஆயிரத்து நானூறுங்கானாம்.

"நீருதான வேய் கெளப்பிவிட்டது? போட்டு சும்மா நிக்கு, மொதலாளி என்னையப் புடிச்சுத் திங்கான். ஒண்ணு சொல்லுதேன் கேளும். அது பொய்யின்னு ஒம்ம வாயாலயே எல்லாருக்கும் சொல்லும். நாளைக்கே பிளைட்டு போடுதேன். இல்லன்னா என் ஆபீஸ்ல கேப்டன் வேலைய மறந்துரும்."

சொன்னா என் டிக்கெட்டு பொழச்சுக்கும். உண்மையத்தான சொல்லப்போறேன், அதுல என்ன தப்பு? ஆனா சொன்ன அன்னைக்கே எல்லாரும் தொள்ளாயிரத்துக்கு எறங்கிருவானுவ. எபனேசரும்.

இசக்கித்தாய்ட்ட எல்லாத்தையும் சொன்னேன். "பொய் சொல்லவும் தெரியல, சொன்னத மாத்தவும் தெரியல. என்ன மனுசன்யா நீங்க"ன்னா. மோரு கலக்கிக் குடுத்தா.

மார்ச் 4

ராஜதுரை நாலஞ்சு தடவ கூப்பிட்டான். எடுக்கல.

மார்ச் 19, புதன்

போட்டு மொதலாளி வழிக்கு வந்துட்டான். ஆயிரத்து நானூறு. எடம் ஜேசுதாசனுக்கு.

அவனே கூப்பிட்டான். "ஒன் பேர எடுத்தாலே ராஜதுரை எரிஞ்சு விழுதான். மேட்டு மாடக்கண்ணுதான், இல்லன்னா நானும் ஏறலன்னுட்டேன். எனக்குக் கீழ மேட்டா வாரியாலே?"

மேட்டுன்னா கேப்டனுக்கு அடுத்த ஆளு. அப்படி ஓடுனாலும் டிக்கெட்டுக்குக் கணக்கு உண்டு. சம்பளம் தொள்ளாயிரத்து அம்பது. எனக்குச் சொன்ன கேப்டன் சம்பளத்தவிட அம்பது கூட! சிரிக்கவா அழவான்னு தெரியல.

ராஜதுரை அவன்ட்ட எல்லாத்தையும் கொட்டியிருப்பான். ஜேசுதாசன் அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல. நானும் சொல்லல. வாரேன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

போட்டு கெளம்பிட்டு. வீல் ரூமுக்குள்ள நொழஞ்சதும் கால் தானா கேப்டன் சேருக்குப் போயிட்டு. பிடியில கையும் வச்சுட்டேன். ஜேசுதாசன் பின்னால வந்து நின்னான். வெளிய கடலப் பாத்துக்கிட்டு இருந்தான்.

கைய எடுத்துட்டு டெக்குக்குப் போனேன். கயிறெல்லாம் அவுத்துப் போடுத வரைக்கும் நின்னு பாத்தேன். அப்பொறம் மேல பாத்து, "எல்லாம் அவுத்தாச்சு, கேப்டன்"னு கொரல் குடுத்தேன்.