நனைந்த கேசட்

திருவனந்தபுரம்
12.2.1985

மாடத்திக்கு சொரிமுத்து எழுதுவது. நான் சுகம். அத்தையும் பிள்ளையும் சுகம்தானே? உன் பல்வலி குறைந்ததா?

தம்பானூர் லாட்ஜில் அதே துவைக்கிற வேலைதான். போன வாரம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சட்டைப்பையைப் பார்க்காமல் ஊறவைத்துவிட்டேன். உள்ளே கேசட் இருந்தது. நாடாவை நிழலில் காயவைத்து, பென்சிலால் சுற்றி, மானேஜர் ராஜமணி சாரின் டேப்பில் போட்டேன். வயலின் தலைதெறிக்க ஓடியது. கிட்டார் தகரத்தை அடிப்பதுபோல் இரைந்தது. ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். கெடுத்துவிட்டோம் என்று டேப்பை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். அவள் சிரித்தாள். அவளிடம் விசாரித்துவிட்டு ராஜமணி சார் சொன்னார்: "பேடிக்காதே சொரிமுத்து, நீ ஒண்ணும் கெடுக்கலை, பாட்டே இப்படித்தானாம். நம்ம பக்கம் ஊசி பாசி விக்கவங்க மாதிரி இந்தம்மா நாட்டிலேயும் ஊர் ஊரா அலையற ஜனம் உண்டாம். அவங்க பாட்டைத்தான் இந்தப் பையன்மார் கத்திப் பாடுதாங்களாம்."

அவள் மறுபடி போட்டாள். கத்தியவன் ஓய்ந்தபின் வயலின் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. சோப்புக் கையோடு கடைசிவரை நின்று கேட்டேன். பிறகு போய் நாற்பது படுக்கை விரிப்பு அலசினேன்.

என் கால் சேற்றுப்புண்ணுக்கு, இங்கே வருகிறவர்களிடம் மஞ்சள்பொடி கொடுத்துவிடு. கோமதிநாயகம் மாமா வீட்டு டேப்பில் நீயும் பிள்ளையும் ஏதாவது பேசிப் பதிந்து அனுப்பு. பிள்ளை அழுதாலும் நிறுத்தாதே. எவ்வளவு இரைச்சலாக இருந்தாலும், கெட்டுப்போனது என்று நினைக்க மாட்டேன்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

சொரிமுத்து