அப்பாவின் கையெழுத்து

ஜூலை 14, செவ்வாய்

விடுதிப் படிவத்தில் அப்பா இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டார். "வூடு கீறப்போ ஹாஸ்டல் இன்னாத்துக்கு?" என்று ஒரு வாரமாக மறுத்தவர். நேற்று அம்மா வேண்டுமென்றே அவரிடம் வாய் கொடுத்தாள். அவர் அவள் தலையைச் சுவரில் மோதினார். பிறகு தோசைக்கல்லால் முழங்கையில் அடித்தார். குறுக்கே போனதில் எனக்கு உதடு கிழிந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. அடித்த மறுநாள் காலையில் எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டார். எங்கள் வீட்டு மிக்ஸி, பீரோ, என் எம்.ஏ. எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கையில் கட்டுடன் திரும்பிய அம்மாவிடம், நான் விடுதிக்குப் போகவில்லை என்றேன்.

"இன்னாடி பேஜாரு பண்ற? உனுக்கோசரம்தான வாங்கிக் கட்டிக்கினேன்? இன்னொரு தபா என்னால முடியாது. கெளம்பு."

விடுதியில் சேரக் காரணம் கேட்ட கட்டத்தில் 'தூரம்' என்று எழுதினேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு மெட்ரோவில் முக்கால் மணி நேரம்தான். அறைக்கு இரண்டு பேராம். விதிகளை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இரண்டாவது ஆளும் மாணவியாகத்தான் இருக்க வேண்டுமாம்.