ஜொள்ளு மகாராணியின் முன்பற்கள்

கப்பல் இன்ஜினியரம்மாவுக்கு,

கரையிலிருக்கும் உன் தையற்காரன் அன்போடு எழுதுவது. நானும் மகளும் சுகம். அவளுடைய முன்பற்கள்தான் கொஞ்சம் வம்பு செய்தன. பதறாதே, முழுக்கப் படி.

போன மாதம் பல் தேய்த்துவிடும்போது மேல்வரிசையில் ஈறோரமாக வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. பால்தான் ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன், போகவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினேன். நம் ஜொள்ளு மகாராணி வாயைத் திறப்பேனா என்று அடம்பிடித்தாள். டாக்டரம்மா தன் வாயை ஆவென்று திறந்து காட்டியதும் இவளும் திறந்தாள். திறந்த வேகத்தில் அந்த அம்மாவின் கை முழுக்க எச்சில்!

எனக்கு ஒரே கூச்சம். அவரோ சிரித்துக்கொண்டே, "ஊறட்டும் விடுங்க, பல்லுக்கு இதுதான் காவல்" என்றார். பல்லை அரிக்கும் புளிப்பைக் கழுவி, பல் இழந்த சத்தைத் திருப்பிக் கொடுப்பது எச்சில்தானாம். தூங்கும்போது அது வெகுவாகக் குறைந்துவிடுமாம். அந்த நேரம் பார்த்துச் சர்க்கரைப் பால் புட்டி வாயிலேயே கிடந்தால் என்ன ஆகும்? நீ கப்பல் ஏறியதிலிருந்து அவள் புட்டி இல்லாமல் கண் மூடுவதில்லையே, அதுதான் வினை. நல்லவேளை, குழி விழவில்லை. மருந்து பூசி அனுப்பினார். படுக்கையில் இனி புட்டி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். அன்று மதியம் அவள் போட்ட கூச்சலில் மாடிவீட்டு அக்கா ஓடிவந்து, "குழந்தைய அடிச்சீங்களா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். தோளில் போட்டு நடந்தேன். பாடினேன். என் பாட்டுதான் உனக்குத் தெரியுமே, அழுகை இரண்டு மடங்கானது. கடைசியில் அலமாரியைக் காட்டி, "அம்மா சட்ட" என்றாள். உன் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதன் கையைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனாள். இப்போது தினமும் அதுதான். அலமாரியில் உன் இன்னொரு சட்டையும் குறைகிறது. அது யார் தலையணைக்கடியில் என்று கேட்காதே.

நல்ல சேதியோடு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. இன்று மறுபடி காட்டினோம். திட்டுகள் பரவவில்லை, மங்கத் தொடங்கிவிட்டன. மகாராணி டாக்டரம்மாவுக்கு முத்தம் கொடுத்து அவர் கன்னத்தையும் நனைத்துவிட்டு வந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்ஜின் சூட்டில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மகளுக்குக் கடைவாயில் புதுப் பற்கள் முட்டிக்கொண்டு வருகின்றன. அவை முழுதாக முளைப்பதற்குள் வந்துவிடேன்.

வழி பார்த்திருக்கும்,
உன்னவன்