குரங்குக்கும் ஆட்டுக்கும் ஆகாது

மச்சான்,

இன்று காலை பத்தரை மணிக்கு, சிதம்பரத்தில், உன் வீட்டு மொட்டைமாடியில் ஒரு குரங்கு உன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று அஞ்சலை உன் சாமான்களையெல்லாம் மாடியில் வெயிலில் பரப்பி வைத்திருந்தாள். குரங்கு வந்தது. உன் வேட்டியைப் புரட்டியது. சட்டைப் பையில் கைவிட்டது. பிறகு கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, பேப்பர் எங்கே என்பதுபோல் என்னைப் பார்த்தது. மாட்டிக்கொண்டதுவரை நிஜம். பேப்பர் நான் சேர்த்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

செருப்பைக் கழற்றி ஓங்கினேன். அஞ்சலை, உன் மனைவி, அதாவது என் அருமைத் தங்கை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுண்ணா. ஆஞ்சநேயரு."

இரண்டு நிமிடம் கழித்துப் பக்கத்து மாடியிலிருந்து, "சனியம் புடிச்ச கொரங்கே, வடகத்துல கைய வெச்ச, கால ஒடச்சிடுவேன்!" என்று ஒரு குரல் வந்தது. நம் வீட்டுக்கு வந்தால் ஆஞ்சநேயர், அடுத்த வீட்டுக்குத் தாவிவிட்டால் குரங்கு. ஒரே பிராணிக்கு ஒரு கைப்பிடிச் சுவருக்குள் இத்தனை பதவி உயர்வும் பதவி இறக்கமும் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

அதற்குப் பிறகு அஞ்சலை தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அது நிவேதா கல்யாணத்தில் தொடங்குகிறது.

உன் பெண் தன்னோடு படித்த பெண்ணாடத்துப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது நீ சாதியைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. ஜாதகத்தைக் கேட்டாய். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நீ. எந்தக் காகிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் உனக்குச் சோறு இறங்காது. பத்துப் பொருத்தத்தில் ஒன்பதைப் பார்த்துவிட்டுப் பத்தாவதில் நின்றாய். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் உண்டல்லவா? நிவேதா பூராடம், ஆண் குரங்கு. பையன் கார்த்திகை, பெண் ஆடு. ஆட்டுக்கும் குரங்குக்கும் ஜென்மப் பகை என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. முடிந்தது கதை.

நிவேதா எனக்குப் போன் போட்டாள். "மாமா, ஊரெல்லாம் பெரிய வாய் பேசுவியே, இப்ப வந்து பேசு. அப்பா வாணாம்னா நான் எதுத்துக்கினு போமாட்டேன். அவுரு சம்மதம் இல்லாம எனக்குக் கல்யாணமே வாணாம்."

அந்தக் கடைசி வரிதான் என்னை என் ஊரான முதுநகரிலிருந்து கிளப்பியது. எதிர்த்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். ஓடிப்போன கல்யாணங்களுக்கும் அண்டா கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெண் உன்னைப் போலவே. வேண்டாம் என்று அப்பன் சொன்னால் சாகும்வரை வாய் திறக்காமல் தனியாகவே இருந்துவிடும்.

உன் முன்னால் நின்று நான் ஆற்றிய சொற்பொழிவு உனக்கு ஞாபகம் இருக்கும். "யாரு பரம்பரைடா குரங்கு? கடல்ல பாலம் கட்டின பரம்பரை! மூலிகை எதுன்னு தெரியலன்னு மலையவே பேத்து எடுத்தாந்த பரம்பரை! சூரியனப் பழம்னு நெனச்சித் தாவுன பரம்பரை! அதுக்குக் கேவலம் ஒரு ஆட்டச் சமாளிக்கத் தெரியாதா?"

நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மலையத் தூக்குறது வேற, குடும்பம் நடத்துறது வேற" என்றாய். "ஆஞ்சநேயரே கல்யாணம் கட்டல மச்சான். யோசிச்சிப் பாரு."

சாமி கேஸில் உன்னை ஜெயிக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆகவே விஞ்ஞானத்துக்கு மாறினேன். "பகை பகைங்கறியே, ஆடும் குரங்கும் அடிச்சிக்கிட்டத நீ கண்ணால பாத்திருக்கியா? வா, பாத்துடுவோம்."

வேறு எந்த ஊர் ஆளாக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பான். நீ சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாய். நேரில் பார்க்காமல் எதிலும் சாட்சிக் கையெழுத்துப் போடாதவன் ஆயிற்றே.

பரங்கிப்பேட்டையில் நம் காசிம் பாயிடம் ஒரு கிடாயைக் கேட்டோம்.

"எதுக்கு, கல்யாணத்துக்கா?" என்றார்.

"கல்யாண விஷயந்தான் பாய்."

"பிரியாணிக்குன்னா சின்னதாப் புடிச்சித் தரேன்."

"பிரியாணிக்கு இல்ல பாய். பொருத்தம் பாக்க."

அவர் கயிற்றை என் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் உன்னையே பார்த்தார். நீதான் யோக்கியமான ஆள் என்று பெயர் எடுத்தவன். "யா அல்லா, நீங்களுமா?" என்றார். பிறகு, "முழுசாத் திருப்பிக் கொண்டாந்து உடணும்" என்று உன்னிடம் மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

கடை வண்டியின் பின்னால் கிடாயை ஏற்றி, பக்கத்தில் நீயும் ஏறி அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி பிச்சாவரம் வந்து சேர்ந்தாய். படகுத் துறைக்கு இந்தப் பக்கம், குரங்குகள் சுற்றுலாக்காரர்களின் பைகளைச் சோதனை போடும் இடத்தில், ஒரு மரத்தில் ஆட்டைக் கட்டினோம். நான் இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தேன். நூறு குரங்கு வந்தது. சரி, ஆறு.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், இதில் ஒன்றும் சேர்க்கவில்லை. ஐந்து குரங்குகள் பழத்தோடு போய்விட்டன. ஆறாவது, வயதான பெண் குரங்கு, தோலை ஆட்டின் முன்னால் போட்டது. ஆடு தின்றது. குரங்கு பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆட்டின் காதைத் தூக்கிப் பார்த்தது. பிறகு சாவகாசமாக உண்ணி பொறுக்க ஆரம்பித்தது. ஆடு கண்ணை மூடிக்கொண்டது. பெண்டாட்டி பேன் பார்க்கும்போது சொக்கிப்போகும் கிழவனைப்போல் தலையைச் சாய்த்துக் கொடுத்தது. அரை மணி நேரம்.

நான் உன் முதுகில் தட்டினேன். "போதுமா? இன்னும் ஜாஸ்தி சாட்சி வேணுமா?"

நீ நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தாய். "இந்த ஆடு எந்த நட்சத்திரம் மச்சான்?"

"இன்னாது?"

"கார்த்திகையில பொறந்த ஆடா? குரங்கு பூராடமா? அது தெரியாம எப்பிடி ஒத்துக்கறது?"

உலகத்தில் எத்தனையோ வக்கீல்கள் பிறந்திருக்கிறார்கள். ஒருத்தன்கூட இப்படி ஒரு குறுக்குக் கேள்வி கேட்டிருக்க மாட்டான்.   அந்த நேரத்தில் நிவேதா போனில் சொன்ன கடைசி வரி காதில் கேட்டது. அதனால்தான், இருபத்து மூன்று வருடமாகப் பூட்டி வைத்திருந்ததை எடுத்து உன் முன்னால் போட்டேன்.

"மச்சான், நீ பூசம். ஆண் ஆடு. அஞ்சலை இன்னா நட்சத்திரம்?"

"அவிட்டம். சிங்கம்."

"இல்ல. திருவோணம். பெண் குரங்கு. நான்தான் ஜாதகத்த மாத்தி எழுதுனேன்."

அது சத்தியமான உண்மை. நாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சுற்றிய காலத்தில் உனக்கு ஏழு இடம் தட்டிப்போனது. எட்டாவதாக என் தங்கையைக் கேட்க உனக்கு வாய் வரவில்லை. நான் ஜாதகத்தைப் பார்த்தேன். ஆடும் குரங்கும். அம்மாவுக்குப் பிள்ளை பிறந்த நேரம் சரியாக நினைவில்லை என்பதை வைத்துக்கொண்டு, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு ஜோசியரைப் பிடித்து எழுதச் சொன்னேன். குரங்காக இருந்த என் தங்கை மத்தியானத்துக்குள் சிங்கமானாள். சிங்கமும் ஆடும் சேரலாமாம், பஞ்சாங்கத்துக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சிங்கத்துக்கு யானைதான் பகையாம்.

நீ மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாய். "ஏமாத்திட்டியேடா. ஒரு பத்திரத்துல ஒரு புள்ளி மாறினாலே நான் திருப்பி அனுப்புவேன். என் கல்யாணத்தையே போலிப் பத்திரத்துல முடிச்சிட்டியே" என்றாய். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டாய். "அவளுக்குத் தெரியுமா?"

மச்சான், நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அஞ்சலைக்கு எதுவுமே தெரியாது. எனக்கு நீ மச்சானாக வேண்டும் என்று நானாகச் செய்த வேலை அது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவதாண்டா மாத்தச் சொன்னா."

நீ நிமிர்ந்தாய்.

"உன்ன நம்ம கடை வாசல்ல பாத்திருக்கா. கட்டினா அந்தக் கண்ணாடிக்காரரத்தான் கட்டுவேன்னு மூணு நாளு சாப்புடல. நான் இன்னா பண்றது, ஒரே தங்கச்சி."

மூன்று நாள் பட்டினியை ஏன் சேர்த்தேன் என்று தெரியாது. வாய்ப் பழக்கம். ஆனால் எந்தக் காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நீ, இதை மட்டும் பார்க்கவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டாய். ஆடு உன் தோளில் மூக்கை உரசியது, நீ தள்ளிவிடவுமில்லை. "என்னையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். அவ்வளவுதான்.

 திரும்பும்போது கிள்ளையில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். பாதி டீ குடித்தபின், என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அண்டா குண்டால்லாம் உன் கடையில இருந்துதான வரும்?"

நிவேதாவுக்கு நீ சம்மதம் சொன்ன விதம் அது. நான் டீ கிளாஸோடு ரோட்டில் ஆடியதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆடவில்லை. வண்டிக்குப் பின்னால் போய், ஆட்டின் பக்கத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

குரங்கும் ஆடும் பெண்ணாடத்தில் எட்டு வருடமாகக் குடும்பம் நடத்துகின்றன. சண்டை போடுகிறார்கள். போன மாதம்கூட ஃபிரிட்ஜை எந்தப் பக்கம் வைப்பது என்று இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பஞ்சாங்கம் எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

உன் வீட்டில்தான் மாற்றம் தெரிந்தது. அதுவரை "இந்தா, இவளே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அஞ்சலை என்று பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாய். அவள் என்னிடம், "இன்னாண்ணா, இந்த மனுசனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நான் வெயில் என்றேன். மார்கழியில்.

நீ ஐஸ் பெட்டியில் படுத்திருந்த அன்று, எனக்கும் அந்த நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. ஆடு, குரங்கு, பகை. நான் நகர்த்திய அந்த நேரம்தான் உன்னைச் சீக்கிரம் கொண்டுபோய்விட்டதோ என்று. ஊரில் உள்ள எல்லா ஜோசியர்களையும் கிண்டல் செய்தவன் நான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பிறகு உன் சர்க்கரையையும், நீ மாத்திரையை நிறுத்தியதையும் நினைத்துப் பார்த்துச் சமாதானமானேன். முக்கால்வாசி.

இனி இன்று காலைக்கு வருகிறேன். குரங்கு போனபின் அஞ்சலை சொன்னாள்.

"அண்ணா, அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒண்ணு கேட்டாரு. ஒங்கிட்ட சொல்லவே இல்ல."

"இன்னா கேட்டான்?"

"நீதான் ஜாதகத்த மாத்தச் சொன்னியாமே, மூணு நாளு சாப்புடலியாமே, நெசமான்னு."

மாடி என் காலடியில் கொஞ்சம் நகர்ந்தது. இது மிகை இல்லை. "நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னேன்."

"ஏம்மா?"

"அவரு மூஞ்சி அப்பிடி இருந்துச்சிண்ணா. எத்தினி வருசமா மனசுல வெச்சிருந்து கேக்கறாரு. அதுக்கு எப்பிடி இல்லன்னு சொல்றது?"

நான் மெதுவாகக் கேட்டேன். "அஞ்சல, நெசமாவே உனக்கு அப்ப அவனப் புடிச்சிருந்துதா?"

அவள் எழுந்து உன் வேட்டியை உதறி மடித்தாள். "வயசானாலும் உனக்குக் கொழுப்பு மட்டும் கொறையலண்ணா" என்றாள். சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் துணிகளை அள்ளிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ஆக, மச்சான், நான் உன்னிடம் சொன்னது பொய். இதோ, எழுத்தில் கொடுத்துவிட்டேன். அவள் சொன்ன ஆமாமுக்குள் மெய் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இனி எனக்குத் தெரியப்போவதுமில்லை. அவள் ஆமாம் என்றபோது அந்த முகத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.